சட்டாம்பிள்ளையும் காலக்கோடும்

பெல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த ஏ.டி.காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் சென்னை வருவாய் வாரியத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தம் மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகளின் நடைமுறையை அதில் விரிவாகவே எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன் பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். நாற்பதாவதாக வருபவனுக்கு முப்பத்தெட்டு என்று கணக்கு வருகிறது. அதற்குள் வாத்தியாரின் கை ஓய்ந்திருக்கும் என்று நம்புவோம்.

பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கன்னட, தெலுங்குச் சீமை. ஆயினும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் இந்தச் சடங்கு அயலாகத் தோன்றாது. காம்ப்பெல்லின் அறிக்கை தனியாக எழுந்த ஒன்றன்று. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் காணப்படுகின்றனர். இந்தப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள்; பின்னர் ஓலைக்கு வந்தார்கள். எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு, சதகம், கடிதமும் பத்திரமும் எழுதும் பழக்கம் என்று பாடம் விரிந்தது. ஆசிரியர் ஒருவர்தாம். ஆகவே தேறிய பிள்ளை ஒருவன் மற்றவர்க்கு முறை சொல்லிக்கொடுத்தான். அவனே சட்டாம்பிள்ளை. எழும்பூர் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789-இல் மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் கையாண்டு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடம் சொல்ல வைத்து, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை இப்படிக் கப்பலேறிப் போய், பிறகு 'மானிட்டர்' ஆகி நம் பள்ளிகளுக்கே திரும்பி வந்தான்.

மேலே சொன்ன பாடப் பட்டியலில் வரலாறு இல்லை. கடந்த காலம் இல்லை என்று பொருளன்று. அது ஆண்டின் வழியாக வராமல் தலத்தின் வழியாக வந்தது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியவர் என்றுதான் பலருக்கும் தெரியும். திருக்குற்றாலத் தலபுராணமும் அவர் இயற்றியதே. அந்தக் காலத்துப் படித்த மனிதருக்கு 'இவ்வூர் எவ்வாறு உண்டாயிற்று' என்ற வினாவுக்குத் தலபுராணமே விடை. 'எப்போது' என்ற வினா அங்கே எழவில்லை. அந்த வினாவைக் கட்டாயமாக்கியது ஆங்கிலப் பள்ளி.

இங்கே நாம் சற்றும் எதிர்பாராத ஒருவரைச் சந்திக்கிறோம். திருவாசகத்தை மொழிபெயர்த்தவர் என்று நாம் கொண்டாடும் ஜி.யு.போப், வரலாற்றுப் பாடநூல் ஆசிரியருமாவார். 1839-இல் சென்னை வந்து, 1842-இல் திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில் குருத்துவப் பள்ளி நடத்தத் தொடங்கிய அவர், பிரம்பைத் தாராளமாகப் பயன்படுத்தியவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய 'இந்திய வரலாற்றுப் பாடநூல்' மூன்றாம் பதிப்பு 1880-இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் முகப்புப் பக்கத்தைப் படித்தாலே அன்றைய வகுப்பறை கண்முன் வந்துவிடும். நிலவியல் குறிப்புகள், அரச வமிசாவளி அட்டவணைகள், தேர்வு வினாக்கள், காலவரிசை அகராதி, வாழ்க்கைக் குறிப்பு அகராதி, இடப்பெயர் அகராதி, பொது அகராதி என்று தலைப்பே நீண்டு செல்கிறது. மாணவன் இடத்தைப் படத்தில் காட்ட வேண்டும். இன்னார் மகன் இன்னார் என்று சொல்ல வேண்டும். ஆண்டைச் சொல்ல வேண்டும். கேட்ட வினாவுக்குக் கேட்ட அளவில் எழுத வேண்டும். நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் பத்தாம் வகுப்பு மாணவனிடம் நாம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இதையேதான்.

போப்பின் பாடநூலுக்கு அடுத்த ஆண்டு, 1881-இல், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு வெளிவந்தது. கல்வெட்டையும் நாணயத்தையும் கும்பினி ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்து, கொற்கையில் தாமே அகழ்ந்தும் பார்த்து எழுதிய மனிதர் அவர். அவருடைய முடிவுகள் பலவற்றோடு இன்று நாம் முரண்படலாம். பாளையக்காரர்களைப் பற்றி அவர் எழுதியதில் கும்பினியின் குரல் கேட்கிறது. ஆனால் 'இதை நான் எப்படி அறிந்தேன்' என்று வாசகனுக்குச் சொல்லிக்கொண்டே போகும் பழக்கம் அவரிடம் இருந்தது. பள்ளிக்குள் நுழைந்தது பாடநூலே. இந்தப் பழக்கம் வாசலில் நின்றுவிட்டது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வும், 1911-ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி.யும் வகுப்பறையின் ஒழுங்கைத் தீர்மானித்தன. தேர்வில் கேட்கப்படாத வினாவை வகுப்பில் கேட்பது நேரத்தைக் கெடுப்பதாயிற்று.

மொழிச் சிக்கல் வேறு. கல்லிடைக்குறிச்சியில் பிறந்த கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி, 1913 முதல் 1918 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். 1929-இல் வெளியான அவருடைய பாண்டியர் வரலாறு, பதினாறாம் நூற்றாண்டு வரை வந்து தென்காசிப் பாண்டியரையும் தொடுகிறது. ஆனால் அது ஆங்கில நூல். தென்காசித் தேரடியில் கடை வைத்திருந்தவரோ அவருடைய பிள்ளையோ படிக்க எழுதப்பட்டதன்று. தமிழில் பாடம் நடத்த வேண்டுமென்றால் சொற்கள் வேண்டும். அதற்கும் நெல்லையே முன்வந்தது. அங்கிருந்து செயல்பட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு.சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் 1936-இல் கலைச்சொல் மாநாடு கூட்டியது. விபுலாநந்த அடிகள் தலைமை ஏற்றார். 1938-இல் கலைச்சொற்கள் நூலாக வந்தன. 'சரித்திரம்' என்ற பாடவேளை 'வரலாறு' ஆவதற்குப் பின்னால் இப்படிச் சிலருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. சொல் மாறியது. 'நோட்ஸ்' எழுதிப்போடும் வழக்கம் மட்டும் மாறவில்லை; அதற்குத் தமிழ்ச்சொல்லும் யாரும் தேடவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் வரலாறு தனிப்பாடம் அன்று. புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றோடு சேர்ந்து 'சமூக அறிவியல்' என்ற நூறு மதிப்பெண் தாளுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு மதிப்பெண் வினா, குறுவினா, நெடுவினா, நிலப்படம், காலக்கோடு. 2019-இல் வந்த புதிய பாடநூல் முந்தையவற்றைவிடப் பல வகையிலும் மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் 1755-இல் கர்னல் ஹெரானின் படையை எதிர்கொண்டதும், மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டதும் அதில் உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ஆம் நாள். ஆக, புதிய மாவட்டத்தின் முதல் தலைமுறை மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தேர்வுத்தாளில் எழுதும் பேறு பெற்றவர்கள். கல்லூரிக்கு அவர்கள் வந்த பின் பூலித்தேவரைப் பற்றிக் கேட்டால், 'எத்தனை மார்க்குக்குச் சொல்ல வேண்டும்?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேலியாகக் கேட்பதில்லை. அளவு தெரியாமல் விடை சொல்ல அவர்களுக்கு இயலவில்லை.

காலக்கோட்டைப் பழிப்பது இலக்கியக்காரர்களுக்கு எளிது. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். ஆண்டு தெரியாதவனுக்குப் பராக்கிரம பாண்டியனும் பூலித்தேவரும் ஒரே தெருக்காரர்கள் ஆகிவிடுவார்கள். இருவருக்கும் நடுவே மூன்று நூற்றாண்டுகள் இருப்பது தெரியாமல், திரைப்படம் காட்டியதே வரலாறு என்றாகிவிடும். என் குறை வேறு. அந்தக் கோட்டின் மேல் இடப்படும் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

தென்காசியில் அதைக் கேட்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன், ஆண்டு 1446. இந்த எண்ணைப் பாடநூலிலிருந்து எடுக்க வேண்டாம். கல்வெட்டின் சக ஆண்டு 1368 என்று கொண்டு 78-ஐக் கூட்டச் சொல்லலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. வீட்டிலுள்ள பழைய பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதற்கு ஏறத்தாழ 825-ஐக் கூட்ட வேண்டும். ஒரே ஊரில் மூன்று ஆண்டுக் கணக்குகள் புழங்கின என்பது புரியும்போது, காலக்கோடு வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதும் புரிந்துவிடும்.

அந்தக் கோயிலில் பாண்டியன் பெயரில் செய்யுள் வடிவக் கல்வெட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் கருத்து பலரும் அறிந்தது. இந்த ஆலயத்துக்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேர்ந்தால், அதை வந்து நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறிய இப்போதே பணிகிறேன் என்கிறான் மன்னன். வழிகாட்டிகள் இதை மன்னனின் பணிவுக்குச் சான்றாகச் சொல்வார்கள். பணிவுதான், மறுக்கவில்லை. ஆனால் வரலாற்று வகுப்பில் மேலும் சில வினாக்கள் எழ வேண்டும். மதுரையில் ஆண்டவர்களின் வழிவந்தவன் ஏன் தென்கோடியில் இன்னொரு காசியைக் கட்டுகிறான்? தான் கட்டுவது நிலைக்காது என்ற அச்சம் கட்டும்போதே அவனுக்கு ஏன் வந்தது? 'எவராயினும்' என்ற சொல்லில் அடங்குபவர் யார்? தன் மரபு தொடரும் என்ற நம்பிக்கை உள்ளவன் மகனுக்கு ஆணையிட்டிருப்பானே. முன்பின் அறியாதவர்களை ஏன் வேண்டுகிறான்? இவ்வினாக்களுக்குப் பாடநூலில் விடை கிடையாது. கல்வெட்டை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டும். குற்றாலத்தில் 1954 வரை வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. ஒரு பாடலைப் பலமுறை வாய்விட்டுப் படித்தே அதன் உள்ளே நுழைந்தார் என்பார்கள். கவிதைக்கு அவர் கையாண்ட முறை கல்வெட்டுக்கும் பொருந்தும்.

அருவிக்கரையிலும் பாடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியார் குற்றாலத்தில் நறுமணப் பயிர்த்தோட்டங்கள் அமைத்தார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் நட்டார்கள். மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரர் ஏகபோகம் என்று உருப்போடும் மாணவன், அந்த ஏகபோகத்தை முறிக்கும் முயற்சி தான் குளிக்கப்போகும் வழியில் நடந்தது என்று அறிந்தால் அந்த அத்தியாயம் வேறாகத் தெரியும்.

இவை எளிய இடங்கள். கடினமான இடம் ஆஷ் கொலை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். 1908-இன் நெல்லை எழுச்சியும், வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டதும், அதில் ஆஷுக்கு இருந்த பங்கும், நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரதமாதா சங்கமும் பின்னணி என்று பாடம் நடத்தப்படும். வகுப்பிலிருக்கும் நாற்பது பிள்ளைகளில் சிலர் வேறொரு கதையை வீட்டிலிருந்தோ கைபேசியிலிருந்தோ கொண்டுவந்திருப்பார்கள். பிரசவ வேதனையில் தவித்த தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியை அக்கிரகாரத் தெரு வழியாகத் தம் வண்டியில் ஆஷ் ஏற்றிச் சென்றார், குற்றால அருவியை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்பது அக்கதை. ஒரு பிள்ளைக்கு வாஞ்சி தியாகி. பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு ஆஷ் தியாகி. ஆசிரியர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? 'புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்' என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சாதிப்பெயர் வாயில் வந்தால் மாலையில் யார் பள்ளி வாசலுக்கு வருவார்கள் என்று தெரியாத மாவட்டங்கள் இவை. ஆனால் அவர் தாண்டிப்போன அந்தப் பத்தியைப் பிள்ளைகள் வேறிடத்தில் படித்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் வகுப்பறைக்கு ஒழுங்குமுறை வேண்டும். சரியான நேரத்துக்கு வருவதும் கையைத் தூக்கிவிட்டுப் பேசுவதும் நான் சொல்லும் ஒழுங்கல்ல. 'சொல்லுகிறார்கள்' என்று தொடங்கும் எந்த வாக்கியத்துக்கும் 'யார், எப்போது' என்ற இரண்டு வினாக்கள் உடனே எழ வேண்டும். அதைச் சொன்ன பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்ற மூன்றாம் வினா எழவே கூடாது. இந்த முறைப்படி பார்த்தால், வண்டிக் கதைக்கும் அருவிக் கதைக்கும் அக்காலத்துச் சான்று எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை என்று ஆசிரியர் தயங்காமல் சொல்லலாம். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்திலும் அவற்றைப் பற்றிய பேச்சு இல்லை. அதே மூச்சில், அந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலேயரை மிலேச்சர் என்று அது இழிக்கிறது. மாட்டிறைச்சி உண்பதைக் குற்றமாகச் சொல்கிறது. சுயராச்சியத்தோடு சனாதன தர்மத்தையும் நிலைநாட்ட விரும்புகிறது. விடுதலை வேட்கையும் ஆசாரமும் ஒரே தாளில், ஒரே மையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுவது இரு தரப்பிலும் நடக்கிறது.

கடிதத்தில் மன்னன் 'ஜார்ஜ் பஞ்சமன்' என்று குறிக்கப்படுவது பற்றி நீண்ட சச்சரவு உண்டு. பஞ்சமர் என்னும் சாதி வசவு அது என்பது ஒரு கட்சி. ஐந்தாம் ஜார்ஜ் என்பதே பொருள் என்பது மறுகட்சி. தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இது முக்கியமான இடம். வடமொழி எண்ணுப்பெயரால் அரசரைக் குறிப்பது அன்றைய எழுத்து வழக்கு. ஐந்தாமவன் என்பதே நேர்ப்பொருள், அதில் ஐயமில்லை. ஆனால் 1911-இல் 'பஞ்சமர்' என்பது அரசாங்க ஏடுகளிலும் பள்ளிப் பெயர்களிலும் அன்றாடம் புழங்கிய சொல். 1922-இல்தான் 'ஆதிதிராவிடர்' என்பது அதன் இடத்தில் அதிகாரபூர்வமாக அமர்ந்தது. மாட்டிறைச்சியைப் பற்றிப் பேசிய வாயில் 'பஞ்சமன்' என்று வரும்போது, படிப்பவர் காதில் இரண்டாம் பொருள் விழாமலிருக்குமா? விழும் என்று தெரிந்தே எழுதப்பட்டதா என்பதைக் கடிதத்தைக் கொண்டு மெய்ப்பிக்க முடியாது. ஒரு சொல்லை வைத்து எதுவரை செல்லலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சான்றில்லாத கதையைச் சான்றில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் சரியன்று. அக்கதை நடந்ததாகச் சொல்லும் நிகழ்ச்சிக்குச் சான்று இல்லை; அக்கதை பிறந்த நிலைமைக்குச் சான்று ஏராளம். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது 1924-இல். ஆஷ் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு! தெரு அடைபட்டிருந்த மக்கள், அதைத் திறந்த ஒருவரைக் கதையில் உண்டாக்கிக்கொண்டார்கள் என்றால், அந்தத் தேவை வரலாற்றுச் செய்தியே. கதையைக் கொண்டுவந்த பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து உட்காரும்படி விடாமல், அவன் கேள்வியை ஆவணத்தின் பக்கம் திருப்பிவிட இந்தத் தீர்மானம் உதவும்.

நடைமுறையில் இது எப்படி முடியும் என்று பள்ளியாசிரியராயிருக்கும் நண்பரிடம் கேட்டேன். கடிதத்தின் படி ஒன்று, பாடநூலின் பக்கம் ஒன்று, 1924 தீர்மானத்தின் சுருக்கம் ஒன்று; நான்கு நான்கு பிள்ளைகளாகச் சேர்ந்து படிக்க ஒரு பாடவேளை, பேச ஒரு பாடவேளை போதும் என்றார். குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டுமாம்; பிள்ளைகளிடம் விட்டால் அவர்கள் எப்படிப் பிரிந்துகொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அதற்குள் பாடப்பகுதி முடிய வேண்டும். ஐப்பசி மழையில் விடுமுறை எத்தனை நாள் வரும் என்று ஆட்சியருக்கே தெரியாது. அந்த இரண்டு பாடவேளைகளை உடற்கல்வி ஆசிரியரிடம் கடன் கேட்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். கணக்கு ஆசிரியர் அவரிடம் ஏற்கெனவே நான்கு வாங்கிவிட்டாராம்.